மாறிப்போன கோட்டும் மறையாத புள்ளியும்

அணுவின் அதிர்வுக்குச் செவிகொடுத்த அம்மையீர்!

புரதத்தின் புதிர்முடிச்சைப் பொறுமையால் அவிழ்த்த பேராற்றலே! துளிக் கரைசலைக் கண்ணாடிக் குழாயில் கொண்டுவந்து கொடுத்தால், அதற்குள் கோடானுகோடியாய்க் குதித்துச் சுழலும் மூலக்கூறுகளின் முகம் இன்னதென்று முடிவாய்ச் சொல்லும் மூதறிவே! சாவியோ சங்கிலியோ சட்டைப்பையில் இருந்தால், நிறுவனத்தின் தலைவரே நேரில் வந்தாலும் வாசற்படி தாண்டவிடாத வன்மையே! எங்கள் காந்தக் கூடத்தின் காவலே! காந்தம்மாவே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இதோ, முகத்தைச் சுளித்துவிட்டீர்கள். புகழ்ந்தால் பொறுக்காதவர் நீங்கள். முன்பு ஒரு விருது கொடுத்தபோது, பாராட்டுரை பாதியில் இருக்க, "நைட்ரஜன் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டே இறங்கிப் போனவர். இன்று அந்தத் தந்திரம் பலிக்காது. கூடத்தின் சாவி எங்களிடம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுத்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இனிக் கொஞ்ச நேரம் இம்மடலில் 'நீங்கள்' என்று உங்களைக் கூப்பிடவே மாட்டோம். யாரோ ஓர் அம்மாவின் கதையைச் சொல்லப்போகிறோம். அந்த அம்மாவின் மனசுக்குள் என்ன ஓடியது என்பதுகூட எங்களுக்குத் தெரியும். தேநீர் வேளைகளில் அவரே அலுக்காமல் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அடையாளம் தெரிந்தால் நாங்கள் பொறுப்பில்லை.

ஒரு காந்தக் கூடம். அதன் நடுவே மூன்று கால்களில் நிற்கும், இரண்டாள் உயரத்துக்கு ஒரு வெள்ளி நிற உருளை. உள்ளே திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் கம்பிச் சுருள். அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன். என்றோ ஊட்டிய மின்னோட்டம் இன்றும் நிற்காமல் அந்தச் சுருளில் ஓடிக்கொண்டிருக்கிறது, குளிர்ச்சி குறையாதவரை. குறைந்தால் அவ்வளவுதான். பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். அந்த வயதில் மறுபடி எழுந்து நிற்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். எந்நேரமும் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டிய பெரிய மனுஷி என்பதால் அதற்குக் கூடத்தார் வைத்த பெயர் மாமியார். "மாமியாரைக் குளிர வெச்சாச்சா?" என்பதுதான் அங்கே காலை வணக்கம்.

அந்த மாமியாருக்கு வாய்த்த மருமகள்தான் காந்தம்மா. வேலையில் சேர்ந்த புதிதில் கைக்கடிகாரத்தோடு உள்ளே போய், போன வேகத்தில் அதைச் சாகடித்தார். பழுது பார்க்கக் கொண்டுபோன கடையில் கடைக்காரர், "நல்ல கடிகாரமாச்சேங்க, எப்படி நின்னுச்சு?" என்று கேட்க, இவர் விளக்கம் சொல்ல, விளக்கம் நீண்டு நீண்டு கல்யாணத்தில் போய் முடிந்தது. அன்று முதல் வீட்டுக்காரர் கடிகாரத்தை ஓட்டுகிறார், இவர் நிறுத்துகிறார். குடித்தனம் மட்டும் குறைவில்லாமல் ஓடுகிறது. ஒரே ஒரு குறை உண்டு. மாமியாருக்கு வேளாவேளைக்கு நைட்ரஜன் ஊற்றிவிட்டு வீடு போய்ச் சேரும்போது, வீட்டுக்காரர் ஆக்கிவைத்த சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும்.

அங்கே நடக்கும் வேலை என்னவென்று, இந்தப் பணிநிறைவு விழாவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்காக ஒரு வார்த்தை. புரதம் என்பது மணிமாலை போன்ற நீண்ட சங்கிலி. அது தானாகச் சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுக்கும். அந்த உருவம் தெரிந்தால்தான் அது செய்யும் வேலை தெரியும், தடுக்கிற மருந்தும் செய்ய முடியும். அதைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்று அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. புரதத்தைக் காந்தத்துக்குள் வைத்து வானொலி அலையால் தட்டினால், அதிலுள்ள ஹைட்ரஜன்கள் தத்தம் குரலில் பதில் சொல்லும். மடிந்த உருவத்தில் அருகருகே வரும் இரண்டு ஹைட்ரஜன்கள் தங்களுக்குள் கிசுகிசுக்கும். அந்தக் கிசுகிசு திரையில் ஒரு புள்ளியாக விழும். தூரத்தில் இருப்பவை பேசிக்கொள்ளாது. யார் யாரோடு கிசுகிசுக்கிறார்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பிறகு அத்தனை கிசுகிசுவுக்கும் பொருந்துமாறு கணினி சங்கிலியை மடித்துக் காட்டும். ஊர்வம்பு கேட்டே ஊருக்கு வரைபடம் போடுகிற வேலை! இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் செய்தவர் அந்த அம்மா.

சில ஆண்டுகளுக்கு முன் நுரையீரலைத் தாக்கும் ஒரு கிருமியின் புரதம் கூடத்துக்கு வந்தது. அதை விளைவித்துக் கொடுத்தவர் வளர்ப்புத்தாய். பாக்டீரியாவுக்கு, வழக்கத்தைவிட எடை கூடிய கன நைட்ரஜனும் கன கார்பனும் ஊட்டி ஊட்டி வளர்ப்பதால் அவருக்கு அந்தப் பட்டம். கணினியில் சங்கிலியை மடித்தவர் கணக்கர். மருந்து செய்யும் குழு ஒன்று அதன் உருவத்துக்காகக் காத்திருந்தது. புரதமோ பிடிகொடுக்கவில்லை. அடங்காப்பிடாரி என்று பெயர் வைத்தார்கள்.

அதே சமயம் நிர்வாகம் காந்தத்தின் மேல் கண்வைத்தது. கருவிக்கு வயசாகிவிட்டது, திரையில் கோடுகள் எல்லாம் பருத்துப்போய் விழுகின்றன, ஹீலியமோ கிடைப்பதே அபூர்வம். இந்தப் புரதத்தின் உருவத்தை உருப்படியாகக் கொடுத்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் மதிப்பீட்டுக் குழு வந்துபோனதும் காந்தத்தை அணைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அணைப்பது என்றால் சூடாக விடுவது. இதைக் கேட்டதிலிருந்து காந்தம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சூடாக இருந்தாலும் இறங்கியிருக்காது.

உருவம் கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. குறுக்கே நின்றது ஒரே ஒரு புள்ளி. சங்கிலியின் பன்னிரண்டாம் மணியும் எழுபத்தோராம் மணியும் கிசுகிசுப்பதாக அது சொன்னது. மடித்த சங்கிலியிலோ ஒன்று இந்த ஓரம், மற்றது அந்த ஓரம். புள்ளியை நீக்கினால் கணினி தந்த உருவங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. சேர்த்தால் சங்கிலி தன்னைத்தானே நெரித்துக்கொண்டு கண்றாவியாக முறுக்கிக்கொண்டது.

"அக்கா, ஆயிரம் புள்ளி நம்ம பக்கம். ஒண்ணே ஒண்ணு எதிர்க்கட்சி. தூக்கிடலாம்க்கா," என்றார் கணக்கர்.

"தூக்கலாம் தம்பி. என்ன காரணம் எழுதுவே?"

"இரைச்சல்னு எழுதுறேன்."

"இரைச்சல்னா இன்னைக்கு இங்க வரும், நாளைக்கு அங்க வரும். இது குழாயை மாத்தினாலும், சூட்டை மாத்தினாலும், அதே இடத்துல வந்து சம்மணம் போட்டு உக்காருதே!"

பிரிவுத் தலைவர் நல்ல மனுஷர்தான். குழு வரும் நாள் நெருங்க நெருங்க அவரும் கூடத்துக்கு நடையாய் நடந்தார். "அம்மா, வெளிப்படையாவே சொல்றேன். அந்தப் புள்ளி இருந்தா காந்தம் இருக்காது. காந்தம் இருக்கணும்னா அந்தப் புள்ளி இருக்கக் கூடாது. நீங்களே முடிவு பண்ணுங்க."

காந்தம்மா திரையிலிருந்து திரும்பினார். "சார், தப்பான உருவத்தைக் கொடுத்தா அதை நம்பி ஒருத்தர் மருந்து தேடுவார். பாவம் சார். மாமியாரைக் காப்பாத்தப் பொய் சொல்ல மாட்டேன். இவளை விடவும் மாட்டேன்."

"ரெண்டும் எப்படிம்மா முடியும்?"

"தெரியல சார்," என்றவர், எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

இனித்தான் கோட்டுக் கதை. காந்தக் கூடத்துக்குள் போகிறவர்கள் சாவி, கடிகாரம், அட்டை எல்லாவற்றையும் வாசலில் ஒரு நெகிழித் தட்டில் கொட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டையும் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பைக்குள் என்ன இரும்பு ஒளிந்திருக்குமோ, யார் கண்டது? அது காந்தம்மாவே போட்ட சட்டம். கோட்டுகளோ மொத்தமாக வாங்கியவை. ஒரே துணி, ஒரே தையல், யாருக்கும் பொருந்தாத ஒரே தொளதொளப்பு.

அன்று சாயங்காலம், துவைப்பதற்காகக் கோட்டை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு காந்தம்மா பேருந்தில் ஏறினார். உட்கார்ந்ததும் மறுபடி கண் கலங்கியது. கைக்குட்டையைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். கையோடு வந்தது ஒரு ரோஜா நிற ரிப்பன். அதன் நுனியில் நெகிழியில் செய்த குட்டி வண்ணத்துப்பூச்சி.

அவருக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள், அதுவும் தலை வாரச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள். ரிப்பன் எப்படி வந்தது? நாத்தனார் மகள் வந்திருந்தபோது வைத்திருப்பாளோ? அவளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போய் வருஷமாகிறதே. பக்கத்து வீட்டுக் குழந்தையோ? அது இன்னும் மொட்டைத் தலை. வீட்டுக்காரர் யாருக்காவது வாங்கி, மறந்துபோய் இதில் வைத்து... ஒரு கணம் அந்த நல்ல மனுஷர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயசிலா? ச்சீ, ச்சீ! இப்படிக் குடும்பம் மொத்தத்தையும் முறுக்கி மடித்துப் பார்த்தும் ரிப்பன் பொருந்தவில்லை. அப்புறம்தான் பையின் ஓரத்தில் இருந்த மைக்கறை கண்ணில் பட்டது. கணக்கரின் பேனா கக்கிய கறை. ரிப்பன் கணக்கரின் சின்ன மகளுடையது.

"அட பைத்தியமே," என்று தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "ரிப்பன் சரியாத்தான் இருக்கு. கோட்டுதான் என்னோடது இல்லை."

சிரிப்பு பாதியில் நின்றது.

ரிப்பன் சரி, கோட்டுதான் வேறு. புள்ளி சரி, சங்கிலிதான் வேறு! பன்னிரண்டாம் மணி கிசுகிசுத்தது தன் சங்கிலியின் எழுபத்தொன்றோடு அல்ல. பக்கத்திலேயே அதே அச்சில், அதே குரலில் இன்னொரு சங்கிலி இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இவளுடைய பன்னிரண்டு அவளுடைய எழுபத்தொன்றைத் தொடுகிறது; அவளுடைய பன்னிரண்டு இவளுடையதை. குரல் ஒன்றாகவே இருப்பதால் திரையில் ஆள் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொருத்தியின் கையை இவள் கை என்று நினைத்து, இத்தனை நாளும் இவள் தோளைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

"என்னம்மா, இறங்குற இடத்தை விட்டுட்டீங்களா?" என்றார் நடத்துநர்.

"ஆமாப்பா, ரொம்ப நாளா விட்டுட்டேன்!" என்று குதித்து இறங்கினார். வந்த வழியே ஓட்டமும் நடையுமாகப் போனபடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, நான் வர நேரமாகும். அடங்காப்பிடாரி ஒருத்தி இல்லைங்க, ரெண்டு பேர்!"

"ஒருத்தியையே தாங்கலயேம்மா," என்றார் வீட்டுக்காரர். பிறகு மனைவியின் மூச்சிரைப்பைக் கேட்டுவிட்டு, "சரி சரி, பார்த்துப் போ. சாப்பாட்டை மூடி வைக்கிறேன்," என்றார்.

கூடத்தில் கணக்கரும் வளர்ப்புத்தாயும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரிப்பனை ஆட்டிக்கொண்டு உள்ளே நுழைந்த அம்மாவைப் பார்த்து, அழுத துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று முதலில் பயந்தே போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் வளர்ப்புத்தாய் மறுத்தார்.

"இருக்காதுக்கா. ஆரம்பத்துலயே எடை பார்த்தேனே. தனி ஆளாத்தான் இருந்துச்சு."

"பார்த்தப்போ கரைசல் எப்படி இருந்துச்சு?"

"தண்ணியாத்தான்... அய்யய்யோ!"

"அதான்! தண்ணியா இருந்தா தள்ளித் தள்ளி நிக்குது. குழாய்ல நாம கெட்டியா அடைச்சோம். நெரிசல்ல கட்டிப்பிடிச்சுக்குச்சு."

கணக்கர் மெதுவாகக் கேட்டார். "அப்போ அக்கா, கோடெல்லாம் பருத்து விழுந்தது?"

"ரெண்டு பேர் சேர்ந்தா உருவம் பெருசு. பெருசு மெதுவாத்தான் சுத்தும். மெதுவாச் சுத்தினா கோடு பருக்கும். அடப்பாவமே, பழியைத் தூக்கி மாமியார் மேல போட்டோமே!" என்றவர், போய் அந்த உருளையைத் தட்டிக்கொடுத்தார். கோபித்துக்கொண்ட பெரியவளைச் சமாதானம் செய்வது போலவே இருந்தது அது.

நினைத்தால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? கன உணவு ஊட்டி விளைந்த புரதத்தில் பாதி, சாதாரண உணவில் விளைந்ததில் பாதி எடுத்துக் கலந்தார்கள். கட்டிப்பிடித்திருந்தவர்களைப் பிரித்து, ஜோடி மாறி மறுபடி சேர விட்டார்கள். கன ஆளும் சாதாரண ஆளும் பேசிக்கொண்டால் மட்டும் காதில் வாங்கு, மற்றதைக் கண்டுகொள்ளாதே என்று கருவிக்குக் கட்டளை கொடுத்தார்கள். தனி ஆள் என்றால் திரை வெறிச்சோடிக் கிடக்கும். ஜோடி என்றால்தான் புள்ளி விழும். ஆனால் அந்தக் கிசுகிசு மிக மெல்லியது. சுற்றுச் சுற்றாகக் கேட்டுக் கூட்டிக்கொண்டே போனால்தான் இரைச்சல் அடங்கித் தெரியும். கூட்டல் பாதியில் இருக்கும்போதே மதிப்பீட்டுக் குழு வாசலில் வந்து நின்றது.

குழுத் தலைவியின் தோளில் இரும்பு வளையம் வைத்த கைப்பை. காந்தம்மா குறுக்கே கையை நீட்டினார். "பையை வெளியில வெச்சுட்டு வாங்க."

"என் பையையா?"

"உங்க பைதாங்க. இல்லேன்னா அது உங்களை விட்டுட்டு முன்னாடி பறந்து போயிடும்."

பிரிவுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். குழு தட்டில் தன் சாமான்களைக் கொட்டிவிட்டு உள்ளே வந்து திரையைப் பார்த்தது. மணலைத் தூவியது போல் வெறும் இரைச்சல்.

"எங்கே உங்க புள்ளி?"

"இன்னும் வரலைங்க. வரும்."

"வரலேன்னா?"

காந்தம்மா உருளையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "வரலேன்னா நான் நினைச்சது தப்பு. நீங்க காந்தத்தை அணைச்சுக்கலாம்," என்றார்.

ஒரு சுற்று முடிந்தது; கூட்டினார்கள். ஒன்றும் இல்லை. இன்னொரு சுற்று. மணல் கொஞ்சம் அடங்கியது. அடுத்த சுற்றில், இருக்க வேண்டிய அதே இடத்தில், ஏதோ கறுத்தது. தூசியாக இருக்குமோ என்று வளர்ப்புத்தாய் முந்தானையால் திரையைத் துடைத்தார். தூசி இல்லை! அடுத்த கூட்டலில் விளிம்பு கட்டியது. அதற்கடுத்ததில் முழுசாக, வட்டமாக, சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுக்கா!" என்று கணக்கர் கத்திய கத்தலில் காவலாளி ஓடிவந்தார். புள்ளி தனியாகவும் வரவில்லை. இரைச்சல் என்று தாங்களே முன்பு ஒதுக்கித் தள்ளியிருந்த மங்கல் புள்ளிகள் சில, இப்போது அதன் பக்கத்தில் பளிச்சென்று நின்றன. கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டாள் அடங்காப்பிடாரி!

குழுத் தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ நினைவூட்டியதும், "இருங்க, இன்னொரு சுற்று பார்த்துட்டு வரேன்," என்றார். பருத்த கோடுகளின் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ கருவி மேல குத்தமே இல்லையா?" என்றார்.

"இல்லவே இல்லைங்க. அவ கடைசி வரைக்கும் உண்மையைத்தான் சொன்னா. எங்களுக்குத்தான் புரியல."

தலைவி எழுந்தார். உருளையை ஏறிட்டுப் பார்த்தார். "ஹீலியம் மறுபடி எப்போ ஊத்தணும்?" என்று கேட்டார். காந்தம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. வளர்ப்புத்தாயைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். அந்தப் புரத ஜோடியைப் பிரித்துக் கிருமியை அடக்குவது எப்படி என்றுதான் இப்போது மருந்துக் குழு தேடிக்கொண்டிருக்கிறது.

கதை முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், அம்மா. 'நீங்கள்' திரும்பி வரும் நேரம் வந்துவிட்டது.

பொய்யான அழகைவிடப் பொருந்தாத உண்மையே பெரிதென்று போராடிய பெருந்தகையே! ஒற்றைப் புள்ளிக்காக ஒற்றைக் காலில் நின்ற உறுதியே! உங்களிடம் நாங்கள் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. அவற்றுள் வீணான திட்டு ஒன்றுமில்லை. தட்டில் போட மறந்த சாவிக்காகவும், துடைக்க மறந்த குழாய்க்காகவும், அவசரத்தில் அழிக்கப்போன புள்ளிக்காகவும் திட்டினீர்கள். திட்டிய கையோடு தேநீரும் வாங்கிக் கொடுத்தீர்கள். இன்று ஏதாவது ஒரு புள்ளி இடித்தால், அதைத் தூக்குவதற்கு முன் எங்களில் ஒருவர் மற்றவரைக் கேட்கிறோம்: "கோட்டைப் பார்த்தியா?"

அந்தக் கோட்டு இன்னும் மாறவில்லை என்பதையும் இந்த அவைக்குச் சொல்லிவிடுகிறோம். கணக்கரின் மைக்கறைக் கோட்டைத்தான் நீங்கள் அன்றிலிருந்து போடுகிறீர்கள்; உங்கள் கோட்டை அவர் போடுகிறார். இன்றும் திருப்பிக் கேட்க மாட்டோம். ரிப்பனுக்குச் சொந்தக்காரி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இன்னும் ஒன்று. ஓய்வு நாள் நெருங்கியதிலிருந்து உங்களை அரித்த கேள்வி எங்களுக்குத் தெரியும். "நான் போயிட்டா இவளை யாரு குளிர வெப்பா?" என்று வாய்விட்டு ஒரு தடவைதான் கேட்டீர்கள், மனசுக்குள் எத்தனை தடவையோ. இன்று காலை நீங்கள் வருவதற்கு முன்பே நைட்ரஜன் ஊற்றியாகிவிட்டது. கணக்கர் கையுறை போட்டுக் குழாயைப் பிடித்தார், வளர்ப்புத்தாய் வால்வைத் திறந்தார், பிரிவுத் தலைவர் அளவைப் பார்த்துக்கொண்டு பயந்துகொண்டு நின்றார். வெண்புகை எழுந்து தரையெல்லாம் தவழ்ந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்காமல் போக மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

நோய்நொடி அண்டாமல், நெஞ்சில் குறை ஒன்றும் தங்காமல், கடிகாரம் நிறுத்தாத கையும் கலகலப்புக் குறையாத வீடுமாக, பேரன் பேத்திகளுக்கு ரிப்பன் கட்டிவிடும் பெருவாழ்வு வாழ்க நீங்கள்! வாசலில் உங்கள் வீட்டுக்காரர் காத்திருக்கிறார். மாமியாரை நாங்கள் குளிர வைத்துக்கொள்கிறோம், அம்மா. நீங்கள் வீட்டுக்குப் போய், இன்றைக்காவது சூடாக ஒரு வாய் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள் பிடியில் நிற்கும்,
காந்தக் கூடத்துக் கோட்டுக்காரர்கள் அனைவரும்